எட்டை விட்டு நாலுக்குப் போன மீன்கள்

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் தெரிவது ஓர் அரிக்கேன் விளக்கின் கண்ணாடிச் சிம்னி. விளக்கு எங்கே போனதோ, சிம்னி மட்டும் திருவண்ணாமலையில் நான் எம்.ஃபில். படித்த கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் தங்கிவிட்டது. மேலும் கீழும் திறந்த அந்தக் கண்ணாடியை நீளமான மீன்தொட்டியின் நடுவில் நிறுத்தி, அதற்குள் ஒரே ஒரு கப்பி மீனை விடுவேன். கொசுப்புழுவைத் தின்னும் என்று கிணறுகளில் விடுவார்களே, அதே சின்ன மீன்தான். தொட்டியின் ஒரு கோடியில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் நாலு மீன். மறு கோடியில் இன்னொரு பெட்டி, அதற்குள் எட்டு மீன். நடுவில் இருக்கிற மீன் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்க்கும். இரண்டு நிமிடம் கழித்து, தண்ணீர் அலுங்காமல் சிம்னியை மேலே தூக்குவேன். மீன் எந்தப் பக்கம் போகிறது, அங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்று நோட்டில் எழுதுவேன். மீனுக்கு ஜாஸ்தி எது, கம்மி எது என்று தெரியுமா என்பதுதான் என் ஆராய்ச்சி.

தெரியும், நன்றாகவே தெரியும். கூட்டத்தோடு இருந்தால் எதிரி வரும்போது தான் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு குறைவு என்பதால் கப்பி பெரிய கூட்டத்தைத் தேடும். நாலுக்கும் எட்டுக்கும் நடுவில் விட்டால் எட்டுக்குப் போகும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் விட்டால்கூட பெரும்பாலும் மூன்றைப் பிடித்துவிடும். ஆனால் எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் விட்டால் திணறும். அதைக் குறை சொல்ல முடியாது. நான் தினமும் வீட்டிலிருந்து வருகிற கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் எண்பது பேர் நிற்கிறார்களா நூறு பேரா என்று கேட்டால் நானும் அப்படித்தான் திணறுவேன். மீன் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறதா, அல்லது ஒரு பக்கம் நிறைய உடம்பு அசைகிறது என்று மட்டும் பார்க்கிறதா என்பது அடுத்த சந்தேகம். அதற்காக நாலு இருக்கும் பெட்டியில் பெரிய மீன்களாகவும், எட்டு இருக்கும் பெட்டியில் பொடிசுகளாகவும் பொறுக்கிப் போட்டு, மொத்த உடம்பு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி செய்தேன். அப்போதும் மீன் எட்டுக்கே போனது. அன்று யாரும் இல்லாத ஆய்வகத்தில் நான் ஒருத்தி நின்று கைதட்டினேன். பெட்டிகளை இடம் மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும் என்பது உட்பட இதில் எதையும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

எனக்கு வழிகாட்டி என்று காகிதத்தில் இருந்தவர் எங்கள் துறைத் தலைவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் ஒரு சிவப்புப் பேனா, ஒரு பச்சைப் பேனா. மீன் வாடை ஆகாது என்று கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஆய்வக வாசற்படியோடு நின்றுவிடுவார். உள்ளே வந்து ஒரு மீனையாவது அவர் குனிந்து பார்த்து நான் பார்த்ததில்லை. அவருக்கு வேண்டியது வாரக் கடைசியில் மேசைக்கு வரும் நோட்டு மட்டும். அதைப் புரட்டி, சரியாக வந்த பக்கங்களில் பச்சையில் கையெழுத்துப் போடுவார். சிவப்புப் பேனாவின் வேலை வேறு.

சிவப்புக்கு வேலை மாதம் ஒருமுறை வந்தது. மற்ற நாளெல்லாம் ஒழுங்காக எட்டுக்குப் போகும் மீன்கள், ஏதோ ஒரு நாள் மட்டும் திடீரென்று நாலுக்குப் போகும். ஒன்றிரண்டு மீன் போனால் பரவாயில்லை, பத்தில் எட்டு மீன் அப்படிப் போகும். மறுநாள் பழையபடி எட்டுக்கு. நான் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன், அவர் அந்தப் பக்கங்களைச் சிவப்பில் அடித்தார். மூன்றாவது முறை அப்படி வந்தபோது தலைவர் என்னை முதுகலை வகுப்புக்கு நடுவில் கூப்பிட்டு நிறுத்தினார். முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நோட்டைத் தூக்கிக் காட்டிச் சொன்னார்: “கீழ்பென்னாத்தூர்ல மல்லாட்டை எண்ணினு இருந்தவ. இவளுக்கே நாலு எது, எட்டு எதுன்னு தெரியல. மீனுக்குத் தெரியுமான்னு பாக்க வந்துட்டா.” எங்கள் வீட்டில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் போடுவது உண்மைதான். என் அப்பா அந்த வருமானத்தில்தான் என்னைப் படிக்க வைத்தார். வகுப்பு சிரித்தது. அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பிளேடை எடுத்து, அந்த மூன்று நாட்களின் பக்கங்களையும் எல்லோரும் பார்க்க அறுத்து எடுத்தார். பக்கத்தின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டு நின்றது. நோட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தபோது அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

அன்று வீட்டுக்குப் போய், அறுத்த பக்கங்களின் தேதிகளை நாள்காட்டியில் வைத்துப் பார்த்தேன். மூன்றும் பௌர்ணமிக்கு மறுநாள். எங்கள் ஊரில் எதற்கும் மலையையும் நிலவையும் காரணம் சொல்லிப் பழக்கம், நானும் அதில் விழுந்தேன். நிலவு மீனை ஏதோ செய்கிறது என்று ஒரு மாதம் முழுக்க நம்பினேன். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டலாமா என்றுகூட யோசித்தேன். அடுத்த பௌர்ணமிக்கு அம்மா கிரிவலம் போக வேண்டும் என்றாள். பஸ்ஸைத் திருவண்ணாமலைக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள் என்பதால் மத்தியானமே கிளம்பி, வெயில் தாழ்ந்ததும் நடக்க ஆரம்பித்தோம். அடி அண்ணாமலை அருகில் ஒரு சுண்டல் கடையில் அம்மா நின்றாள். கடைக்குப் பின்னால் கரண்டியும் கையுமாக நின்றவர் எங்கள் ஆய்வக உதவியாளர். எனக்கு இருபது வயது மூத்தவர், அண்ணா என்று கூப்பிடுவேன். ஆய்வகத்தின் சாவியும், மீன்களுக்குத் தீனி போடும் வேலையும் அவரிடம்தான்.

என்னைப் பார்த்ததும் அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பௌர்ணமிக்கு முதல் நாளும் பௌர்ணமி அன்றும் குடும்பத்தோடு கடை போடுவது அவர்கள் வீட்டில் நெடுநாள் வழக்கம். அதற்கு எழுத்தில் விடுப்பு கிடைக்காது என்பதால், முன்கூட்டியே வருகைப் பதிவேட்டில் அந்த இரண்டு நாளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார். கல்லூரியில் அவர் மட்டும் இல்லை, மலை சுற்றும் பாதையில் வீடும் கடையும் இருந்த பாதிப் பேருக்கு இப்படி ஒரு எழுதாத விடுமுறை உண்டு. மறுநாள் வந்தாலும் கண்ணெல்லாம் தூக்கமாக, மத்தியானத்துக்கு மேல்தான் அவருக்குத் தீனி டப்பா நினைவுக்கு வரும். அப்படியென்றால் மீனுக்கு யாருணா தீனி போடுறது என்று கேட்டேன். “ரெண்டு நாள் பட்டினி கெடந்தா மீன் இன்னா செத்தா பூடும்? தலைவர் காதுக்குப் போவ வேணாம் பாப்பா. வேலை பூடும்” என்றார். அம்மா வாங்கிய சுண்டலுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

மீதி மலையைச் சுற்றி முடிப்பதற்குள், அறுத்த பக்கங்களின் தேதிகளை அந்தப் பட்டினி நாட்களோடு மனதில் ஒட்டிப் பார்த்துவிட்டேன். அடுத்த வாரம், நிலவுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நாளில், பத்து மீன்களைத் தனித் தொட்டியில் போட்டு இரண்டு நாள் தீனி போடாமல் வைத்தேன். இன்னொரு பத்துக்கு வழக்கம்போலத் தீனி. வயிறு நிறைந்த மீன்கள் எட்டுக்குப் போயின. பசித்த மீன்கள் நாலுக்குப் போயின. யோசித்தால் எவ்வளவு எளிது. வயிறு நிறைந்த மீனுக்குப் பெரிய கூட்டம் பாதுகாப்பு. பசித்த மீனுக்கு அதே கூட்டம் பங்குக்கு வருகிற எட்டு வாய். ஆக மீன் எது ஜாஸ்தி என்று பார்ப்பதோடு நிற்பதில்லை, அந்த ஜாஸ்தி தனக்கு இப்போது நல்லதா கெட்டதா என்றும் பார்க்கிறது. எண்ணத் தெரியாமல் நாலுக்குப் போகவில்லை, எண்ணித்தான் போகிறது. வேறு ஊர்களில் இதைப் பார்த்தவர்கள் உண்டு என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அன்று அது எனக்குத் தெரியாது. இந்த உலகத்தில் இது தெரிந்தது எனக்கும் இருபது மீன்களுக்கும் மட்டும்தான் என்று நினைத்தேன்.

புது நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு தலைவரிடம் ஓடினேன். அண்ணனைக் காட்டிக்கொடுக்காமல் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன். ஒரு நாள் தவறுதலாகத் தீனி போட மறந்ததாக என் மேலேயே போட்டுக்கொள்ள இருந்தேன். அவர் அறையில் கூட்டமாக இருந்தது. இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கருத்தரங்க மலர் அச்சாகி வந்திருந்தது, அதில் தலைவரின் கட்டுரை: மீன்கள் எண்ணிக்கையை ஒப்பிடும் விதம். என் அட்டவணைகள், என் வரைபடம், பெரிய மீன் பொடி மீன் என்று உடம்பைச் சமன் செய்த என் யோசனை. மேலே அவர் பெயர், பக்கத்தில் அவருடைய மைத்துனர் பெயர். அந்த மைத்துனர் செய்யாறில் தாவரவியல் ஆசிரியர். என் பெயரைத் தேடி முதலிலிருந்து கடைசி வரை இரண்டு முறை புரட்டினேன். கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில், மீன்களைப் பராமரித்த ஆய்வகப் பணியாளர்களுக்கு நன்றி என்று இருந்தது. அந்தப் பணியாளர்களில் நானும் ஒருத்தி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு லட்டு என் கையிலும் வந்தது. புது நோட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். இவரை ஒரு நாள் இந்த மீன்களை வைத்தே அடிக்க வேண்டும் என்று அன்று படியிறங்கும்போதே நினைத்தேன். இதை மறைக்க நான் விரும்பவில்லை.

அந்த நாளைத் தலைவரே குறித்துக் கொடுத்தார். கல்லூரியைப் பார்வையிட வெளியூரிலிருந்து பேராசிரியர்கள் நாலு பேர் வருவதாக இருந்தது. எங்கள் துறையில் மீன் சோதனையை நேரில் செய்து காட்டுவது என்று முடிவானது. பௌர்ணமிக்கு வந்தால் சாமி பார்த்து மலையும் சுற்றிவிடலாம், மறுநாள் காலை கல்லூரிக்கு வரலாம் என்று விருந்தாளிகளிடம் அவரே யோசனை சொன்னார். எங்கள் ஊருக்கு வருகிற எந்த அதிகாரிக்கும் இப்படித்தான் தேதி கொடுப்பார்கள். தலைவர் எனக்கு ஆள் விட்டார். மீனைக் கலவரப்படுத்தாமல் வலையில் எடுக்க என் கைதான் பழக்கம், சிம்னியை அலுங்காமல் தூக்குவதும் நான்தான். சரிங்க சார் என்றேன். தேதியைக் கேட்டபோது எனக்குள் ஓடிய சந்தோஷம் இருக்கிறதே, அதைப் பிறகு எந்த நல்ல நாளிலும் நான் அனுபவித்ததில்லை.

பௌர்ணமிக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆய்வகத்தில் இருந்தேன். அண்ணன் சிவந்த கண்களோடு தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலைவர் அன்று புதிதாக உள்ளேயே வந்தார். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், தீனி கீனி போட்டுக் கலக்கிவிடாதீர்கள் என்று அவர் வாயாலேயே சொன்னார். தீனி டப்பா அலமாரியில், என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் வெளியே போன பிறகும் இரண்டரை மணி நேரம் இருந்தது. ஒரு சிட்டிகை போதும். மீன்கள் தின்று அடங்கியிருக்கும், தண்ணீரும் தெளிந்திருக்கும். நான் போடவில்லை. மீன்கள் பட்டினியாக இருக்கின்றனவே என்று அண்ணன் டப்பாவை எடுத்தபோது, சார் வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே என்று நினைவுபடுத்தியதும் நான்தான். அண்ணனைக் காப்பாற்றத்தான் இத்தனை நாள் உண்மையைச் சொல்லாமல் இருந்தேன் என்று எனக்கு நானே சொல்லிவந்ததெல்லாம் அந்த நிமிடத்தோடு தீர்ந்துபோனது.

பதினோரு மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். மூன்று ஆண்கள், ஒரு வயதான அம்மாள். நெற்றியில் விபூதி, நடந்த களைப்பில் கால் மாற்றி மாற்றி நின்றார்கள். இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் எட்டு, மீன் எட்டுக்குத்தான் போகும் பாருங்கள் என்று தலைவர் கையை நீட்டினார். நான் சிம்னியைத் தூக்கினேன். மீன் நேராக நாலுக்குப் போய் அங்கேயே நின்றது. முதல் மீன் அப்படித்தான் என்றார். இரண்டாவதும் நாலுக்குப் போனது. பெட்டிகளை இடம் மாற்றச் சொன்னார். மாற்றினேன். மூன்றாவது மீன் புது இடத்திலும் நாலைத் தேடிக்கொண்டு போனது. விருந்தாளிகளில் ஒருவர், “நேத்து மலை சுத்துன கூட்டத்த பாத்துட்டு வந்துச்சுங்களா? கூட்டமே வேணாம்னு போவுதே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வகுப்பே என்னைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு, இப்போது வேறு ஆளைப் பார்த்து. தலைவர் கைக்குட்டையை எடுத்தார். மூக்கில் வைக்கவில்லை, கழுத்தைத் துடைத்தார். ஆறு மீன்கள் விட்டோம், ஐந்து நாலுக்குப் போயின. மீன்கள் அவ்வளவு அழகாக எனக்கு என்றுமே தெரிந்ததில்லை.

அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. தினசரி எழுதிய நோட்டைக் கேட்டு வாங்கினார். புரட்டிக்கொண்டே வந்தவர், பிளேடால் அறுத்த ஓரங்களில் விரலை வைத்து நிறுத்தினார். இந்தப் பக்கங்கள் எங்கே என்று கேட்டார். இந்தப் பெண் தப்பாக எழுதியது, எடுத்துவிட்டோம் என்றார் தலைவர். அம்மாள் என் பக்கம் திரும்பி, என்னம்மா தப்பு என்றார். பசி என்று ஒரே சொல் சொல்லியிருந்தால் போதும். அந்த அம்மாளுக்கு மீதி புரிந்திருக்கும். என் வேலை எனக்கே திரும்பி வந்திருக்கலாம். ஆனால் தலைவரும் அதோடு தப்பித்திருப்பார். நான் அவரையே பார்த்துக்கொண்டு சொன்னேன்: “எனக்கு நாலு எது எட்டு எதுன்னு தெரியாதுங்க மேடம். சார்தான் கிளாஸ்ல சொன்னாரு.” அம்மாள் நோட்டை மூடி மேசையில் வைத்துவிட்டார். தலைவர் நீட்டிய கருத்தரங்க மலரை வாங்காமல் அடுத்த அறைக்கு நடந்தார்.

தலைவருக்கு வேலை போய்விடவில்லை, அப்படியெல்லாம் நடக்காது. ஆனால் அதற்குப் பிறகு அவர் எந்தக் கருத்தரங்கிலும் மீனைப் பற்றி வாய் திறக்கவில்லை. கல்லூரியில் அவரைக் கண்டால் பையன்கள் முதுகுக்குப் பின்னால் நாலு விரலைக் காட்டிக்கொள்வார்கள். தொட்டிகளைக் காலி செய்யச் சொன்னார். மீன்களை அண்ணன் வாளியில் எடுத்துப்போய்க் கல்லூரிக் கிணற்றில் கொட்டினார், நான் கூடவே நின்று பார்த்தேன். என் ஆராய்ச்சியும் அந்த வாளியோடு போயிற்று. வேறொரு ஆசிரியரிடம் வேறொரு தலைப்பில் பட்டம் வாங்கி, பள்ளி ஆசிரியை ஆனேன். முனைவர் பட்டத்துக்குப் போகவில்லை. அது எனக்கு நஷ்டம்தான். தெரிந்துதான் செய்தேன், இன்னொரு முறை வாய்த்தாலும் அந்தத் தீனி டப்பாவைத் தொடமாட்டேன்.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து, போன மாதம் செங்கம் சாலையில் ஒரு மருந்துக் கடையில் அவரைப் பார்த்தேன். ரமணாசிரமம் பக்கத்தில் வீடு கட்டி, மாடியறைகளை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாராம். சட்டையில் கஞ்சி இல்லை. என்னை அடையாளம் கண்டுகொண்டு, கடை வாசல் பெஞ்சில் உட்கார வைத்தார். நலம் விசாரிக்கவில்லை, நேராக மீனுக்கு வந்தார். வெளிச்சமா, தண்ணீரா, பெட்டியின் கண்ணாடியா என்று எல்லாவற்றையும் இத்தனை வருடமாக யோசித்துப் பார்த்துவிட்டாராம். “அன்னிக்கு ஏன் அப்படி ஆச்சும்மா? உனக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லிடு. எனக்கு ஜாஸ்தி நாள் இல்ல” என்றார். அந்த முகத்தைப் பார்த்து என் மனம் இளகியது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் பொய். இவ்வளவு காலம் அவர் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறேன் என்று தெரிந்ததில் எனக்கு நிறைவாகவே இருந்தது. என் பெயரை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. அவராக அதைச் சொல்கிறாரா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அவர் மீனைப் பற்றி மட்டுமே பேசினார். யோசித்துச் சொல்கிறேன் சார் என்று எழுந்துவிட்டேன். எழும்போது அவர் பையில் மருந்துச் சீட்டோடு மடித்து வைத்திருந்த பத்திரிகை கண்ணில் பட்டது. நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கிற இதே பத்திரிகைதான். உறையில் அவர் வீட்டு முகவரி ஒட்டியிருந்தது, மாதா மாதம் வரவழைக்கிறார்.

மறுநாள் அடி அண்ணாமலைக்குப் போய் அண்ணனைப் பார்த்தேன். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மகனோடு அதே சுண்டல் கடையில் இருக்கிறார். பௌர்ணமிக் கையெழுத்து விஷயத்தை வெளியில் எழுதலாமா என்று அனுமதி கேட்டேன். வயிறு குலுங்கச் சிரித்தார். “எழுது பாப்பா. இனிமே யாரு வந்து என்ன கேக்கப் போறான்? என் பேரு மட்டும் போட வேணாம்” என்றார். அவர் பெயரைப் போடவில்லை. தலைவர் பெயரையும் போடவில்லை, அவருக்கு என் பேனாவால் அது கிடைக்கப்போவதில்லை.

சார், யோசித்துச் சொல்கிறேன் என்றேன், சொல்லிவிடுகிறேன். மீன்களுக்குப் பசி. ஆய்வகத்தில் இரண்டு நாளாகத் தீனி போட ஆளில்லை. நீங்கள் ஒரு நாள் குனிந்து அவற்றின் வயிற்றைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நீங்கள் பிளேடால் அறுத்த மூன்று பக்கங்களிலும் இதற்கான விடை இருந்தது. இதைக் கண்டுபிடித்தது யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமானால், கடைசிப் பக்கத்தின் பொடி எழுத்தில் தேட வேண்டாம். பெயர் இந்தக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே இருக்கிறது.